அனாட்டமி வகுப்பில் சேருவதற்கு முன்: அமெரிக்காவில் நர்ஸ் ஆக நினைக்கும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தோழிகளே, அவர்களோடு ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருக்கும் தம்பிகளே,

தமிழ்ப்பள்ளி வாசலிலும் கோயில் பிரசாத வரிசையிலும் என்னிடம் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "அக்கா, அனாட்டமி முடிச்சுட்டேன். அடுத்தது மைக்ரோபயாலஜியா, ஸ்டாட்டிஸ்டிக்ஸா?" எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டால், "அதை இன்னும் பார்க்கல. முதல்ல ப்ரீரெக் எல்லாத்தையும் முடிச்சிடலாம்னு..." என்று இழுப்பார்கள்.

அந்த இழுவைதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. 'ப்ரீரெக்' என்று நாம் சொல்லும் முன்தேவைப் பாடங்களை வரிசையாக முடித்தால் நர்சிங் கல்லூரிக் கதவு தானாகத் திறக்கும் என்ற எண்ணம் நம்மவர்களிடம் ஆழமாக இருக்கிறது. பிளஸ் டூ முடித்தோம், கவுன்சலிங் போனோம், சீட் கிடைத்தது என்று வளர்ந்தவர்கள் நாம். இங்கே எல்லாருக்கும் பொதுவான ஒரே பட்டியல் என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு கல்லூரியும் தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. விருந்துக்கு எத்தனை பேர் என்று தெரியாமல் உலை வைக்கிற மாதிரிதான், கல்லூரியைத் தீர்மானிக்காமல் பாடம் எடுப்பது.

முதலில் இந்த மடல் யாருக்கு என்று சொல்லிவிடுகிறேன். ஊரில் பி.இ., பி.காம்., பி.எஸ்ஸி., எம்.சி.ஏ. படித்து, திருமணமாகி இங்கே வந்து, பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியபின் நர்சிங் பக்கம் பார்வை திரும்பியவர்களுக்கு. ஊரிலேயே பி.எஸ்ஸி. நர்சிங் முடித்தவர்களுக்கு வழி வேறு. அவர்கள் மாநில நர்சிங் போர்டிடம் தங்கள் படிப்பை மதிப்பிடச் சொல்லி, நேராக நர்ஸ் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வுக்குப் போக வேண்டியவர்கள். யாராவது அவர்களை முதலிலிருந்து அனாட்டமி எடுக்கச் சொன்னால் கேட்க வேண்டாம். போர்டு ஏதாவது ஒரு பகுதி குறைகிறது என்று எழுதினால் அதை மட்டும் நிறைவு செய்தால் போதும்.

"அமெரிக்காவில் நர்சுக்குப் பெரிய பற்றாக்குறை, எப்படியும் சீட் கிடைத்துவிடும்" என்று ஒரு பேச்சு இருக்கிறது. முதல் பாதி உண்மை, இரண்டாம் பாதி பொய். நான்காண்டுப் படிப்பும் பட்டமேற்படிப்பும் நடத்தும் அமெரிக்க நர்சிங் கல்லூரிகள் 2023-இல் மட்டும் தகுதியுள்ள 65,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பின. மாணவர்களிடம் குறை இல்லை. பாடம் நடத்த ஆசிரியர்கள் போதவில்லை, மருத்துவமனைகளில் மாணவர்களைப் பயிற்சிக்கு நிறுத்த இடம் போதவில்லை. ஆக, எல்லாப் பாடங்களையும் முடித்து, தேர்ச்சியும் பெற்று, வெளியே நிற்பவர்கள் ஏராளம். அந்தக் கூட்டத்தில் நீங்கள் எங்கே நிற்பீர்கள் என்பதை முன்தேவைப் பாடங்களின் மதிப்பெண்தான் பெருமளவு தீர்மானிக்கிறது.

பாடத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், வீட்டில் யாரும் சத்தமாகப் பேச விரும்பாத விசா விஷயத்தைப் பேசிவிடலாம்.

எச்-4 விசாவில் இருப்பவர் படிக்கலாம், முழுநேரமாகவே படிக்கலாம். அதற்கு எஃப்-1 மாணவர் விசா தேவையில்லை. வேலை பார்ப்பதுதான் சிக்கல். எச்-1பி வைத்திருக்கும் கணவருக்கோ மனைவிக்கோ கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஒப்புதல் ஆகியிருந்தால், அல்லது கிரீன் கார்டு வழக்கு நிலுவையில் இருப்பதால் எச்-1பி ஆறாண்டுக்கு மேல் நீட்டிக்கப்பட்டிருந்தால், 2015 மே முதல் எச்-4 காரர்கள் வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்க முடிகிறது. அது இல்லாதவர் நர்சிங் முடித்து, தேர்வில் தேறி, உரிமமே வாங்கினாலும் சம்பளத்துக்கு ஒரு ஷிப்ட் பார்க்க முடியாது. "மருத்துவமனையே எச்-1பி போட்டுத் தரும்" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். எச்-1பி கிடைக்க, அந்த வேலைக்குக் குறைந்தது இளங்கலைப் பட்டம் தேவை என்று காட்ட வேண்டும். சாதாரண வார்டு நர்ஸ் வேலைக்கு இரண்டாண்டுப் படிப்பே போதும் என்பதால் அந்த விண்ணப்பம் பெரும்பாலும் நிற்பதில்லை. நர்ஸ்களுக்கு ஒரு சலுகை உண்மையிலேயே உண்டு. 'ஷெட்யூல் ஏ' என்ற பட்டியலில் நர்சிங் இருப்பதால் கிரீன் கார்டுக்கான தொழிலாளர் சான்றிதழ்க் கட்டத்தைத் தாண்டிவிடலாம். ஆனால் அதன்பிறகு நிற்க வேண்டிய வரிசை இந்தியாவில் பிறந்த எல்லாருக்கும் ஒரே வரிசைதான். அது பத்தாண்டுக்கும் மேல் பின்தங்கிக் கிடக்கிறது.

இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. விசா நிலையைப் பொறுத்துப் பாடங்களின் வரிசையே மாறும் என்பதால் சொல்கிறேன். ஏன் என்று இன்னும் கொஞ்சம் கீழே வரும்.

இனி வழிகளுக்கு வருவோம். பதிவு பெற்ற நர்ஸ், அதாவது ஆர்.என். ஆவதற்கு மூன்று பொதுவான பாதைகள் இருக்கின்றன. கம்யூனிட்டி காலேஜில் இரண்டாண்டு ஏ.டி.என். பல்கலைக்கழகத்தில் நான்காண்டு பி.எஸ்.என். ஏற்கெனவே ஏதாவது ஒரு துறையில் இளங்கலைப் பட்டம் உள்ளவர்களுக்கு ஓராண்டிலிருந்து ஒன்றரை ஆண்டுக்குள் முடியும் துரித பி.எஸ்.என். மூன்றுக்கும் முடிவில் ஒரே என்கிளெக்ஸ் தேர்வு, ஒரே உரிமம். ஏ.டி.என். என்பது 'இரண்டாண்டு' என்று சொன்னாலும் முன்தேவைப் பாடங்களையும் சேர்த்தால் மூன்றரை, நான்கு ஆண்டு ஆகிவிடும். இதை வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நியூயார்க்கில் 2017 டிசம்பரில் கையெழுத்தான ஒரு சட்டத்தின்படி, புதிதாக உரிமம் பெறும் நர்ஸ்கள் பத்தாண்டுக்குள் இளங்கலை நர்சிங் பட்டம் பெற்றாக வேண்டும். மற்ற மாநிலங்களிலும் பெரிய மருத்துவமனைகள் பட்டதாரிகளையே விரும்புகின்றன. ஆனாலும் ஏ.டி.என். முடித்து வேலையில் சேர்ந்து, பிறகு ஆன்லைனில் பி.எஸ்.என். ஆக்கிக்கொள்வது நம் குடும்பங்களுக்கு ஒத்துவரும் வழி என்பது என் கருத்து. பணம் ஒரு காரணம். கலிபோர்னியாவில் மாநிலவாசிக்குக் கம்யூனிட்டி காலேஜில் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். ஓராண்டுக்கு மேல் குடியிருந்ததைக் காட்டினால் எச்-4 காரரும் மாநிலவாசிக் கட்டணத்துக்குத் தகுதி பெறலாம். தனியார் துரிதப் படிப்புகளின் கட்டணம் பல பத்தாயிரம் டாலர்களில் ஓடும். எச்-4 இல் இருப்பவருக்கு மத்திய அரசின் கல்விக் கடனோ உதவித்தொகையோ கிடையாது. முழுத்தொகையும் உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும்.

ஆகவே முதல் வேலை, நாலு கல்லூரிகளைத் தேர்ந்தெடுப்பது. ஃப்ரீமான்ட், சான் ஹொசே பக்கம் இருப்பவருக்கு ஓலோனி, எவர்கிரீன் வேலி, டி ஆன்சா. எடிசனில் இருப்பவருக்கு மிடில்செக்ஸ். ப்ளேனோ, ஃப்ரிஸ்கோ பக்கம் காலின். இவற்றோடு பக்கத்தில் உள்ள ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் நர்சிங் துறையும் இந்த ஆண்டுக்கு வெளியிட்ட விண்ணப்பக் கையேட்டை எடுங்கள். போன ஆண்டுக் கையேடு ஆகாது, தோழி அனுப்பிய புகைப்படமும் ஆகாது. ஒரு தாளில் கல்லூரிகளை மேலே எழுதி, பாடங்களைப் பக்கவாட்டில் எழுதுங்கள். எல்லாக் கல்லூரிகளும் கேட்கும் பாடங்கள் எவை, ஒரே ஒரு கல்லூரி மட்டும் கேட்பது எது என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

பொதுவாக வரும் பெயர்கள் உங்களுக்குத் தெரிந்தவைதான்: அனாட்டமி, ஃபிசியாலஜி, மைக்ரோபயாலஜி, மூன்றும் லேபோடு. பிறகு வேதியியல், புள்ளியியல், ஆங்கிலக் கட்டுரை, உளவியல், மனித வளர்ச்சிப் பருவ உளவியல், சில இடங்களில் ஊட்டச்சத்து. கலிபோர்னியாவில் பல இடங்களில் மேடைப் பேச்சும் ஒரு பாடம். மென்பொருள் துறையில் பத்தாண்டு வேலை பார்த்த ஒருவர், நூறு பேர் முன்னால் பிரசன்டேஷன் கொடுத்தவர், பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்த வகுப்பை எடுக்கத்தான் வேண்டும். கோபப்படாமல் எடுங்கள். அது எளிதான 'ஏ'.

பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றல்ல. இங்கேதான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். கலிபோர்னியாவில் அனாட்டமி தனிப்பாடம், ஃபிசியாலஜி தனிப்பாடம். நியூஜெர்சியிலும் டெக்சாஸிலும் பெரும்பாலான இடங்களில் இரண்டையும் கலந்து, 'ஏ அண்ட் பி' ஒன்று, இரண்டு என்று இரு செமஸ்டராகப் பிரித்திருப்பார்கள். எடிசனில் முதல் பகுதியை முடித்த நிலையில் கணவருக்கு சான் ஹொசேக்கு மாற்றல் வருகிறது என்று வையுங்கள். கையில் இருப்பது பாதி அனாட்டமி, பாதி ஃபிசியாலஜி. இங்குள்ள கல்லூரி அதை எதற்கும் ஈடாக ஏற்காமல் போகலாம். நம் வீடுகளில் புராஜெக்ட் மாற்றத்தால் ஊர் மாறுவது சாதாரணம். அதனால் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரட்டைப் பாடத்தில் முதல் பாதியைத் தொடங்கினால், இரண்டாவது பாதியையும் அதே கல்லூரியில் முடிக்க முடியுமா என்று வீட்டில் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

ஊர்ப் பட்டத்தின் கதை தனி. அண்ணா பல்கலைக்கழகமோ பாரதியாரோ சென்னைப் பல்கலைக்கழகமோ, எதில் படித்திருந்தாலும் உங்கள் மதிப்பெண் பட்டியலை நேராக இங்கே கொடுக்க முடியாது. வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் நிறுவனத்திடம் கொடுத்து, பாடவாரியான அறிக்கை வாங்க வேண்டும். 'வெஸ்' என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது ஒன்றுதான் என்றில்லை. உங்கள் கல்லூரி எந்த நிறுவனங்களை ஏற்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். இதில் ஒரு நல்ல செய்தியும் ஒரு கெட்ட செய்தியும் உண்டு. நல்ல செய்தி: ஊரில் வாங்கிய முதல் வகுப்பு, சதவீதத்தைப் பார்த்தால் தோன்றுவதைவிட இங்கே உயர்வாகவே மாற்றப்படும். அறுபத்தைந்து சதவீதம் என்று வெட்கப்பட வேண்டாம். கெட்ட செய்தி: மூன்றாண்டு பி.எஸ்ஸி., பி.காம். பட்டத்தை அமெரிக்க இளங்கலைக்குச் சமம் என்று எல்லா மதிப்பீட்டு நிறுவனங்களும் எழுதுவதில்லை. எல்லாக் கல்லூரிகளும் ஏற்பதும் இல்லை. துரித பி.எஸ்.என். நினைப்பில் இருக்கும் மூன்றாண்டுப் பட்டதாரிகள் ஒரு பாடம்கூட எடுப்பதற்கு முன் இந்த அறிக்கையை வாங்கிவிட வேண்டும். அந்தப் பாதை உங்களுக்குத் திறந்திருக்கிறதா என்பதையே அந்தக் காகிதம்தான் சொல்லும். பி.ஃபார்ம்., பி.டி.எஸ்., பிசியோதெரபி படித்தவர்கள் அங்கே அனாட்டமி முடித்திருந்தாலும் பல கல்லூரிகள் இங்கே மறுபடி எடுக்கச் சொல்லும். வாதாடிப் பயனில்லை. உங்களுக்கு அந்த வகுப்பு எளிதாக இருக்கும் என்பதே ஆறுதல்.

இப்போது வரிசை. அறிவியல் பாடங்களுக்குக் காலாவதி உண்டு. ஐந்து ஆண்டு, ஏழு ஆண்டு என்று கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அதற்கு முன் எடுத்த அனாட்டமியைச் சில கல்லூரிகள் கணக்கிலேயே எடுக்காது. ஆங்கிலம், உளவியல், மேடைப் பேச்சு போன்றவற்றுக்குப் பெரும்பாலும் அந்தக் கெடு இல்லை. மேலே விசாவைப் பற்றிச் சொன்னேனே, அது இங்கேதான் பொருந்தும். ஐ-140 இன்னும் வரவில்லை, வேலை அனுமதி எப்போது என்று தெரியவில்லை என்றால், காலாவதி ஆகாத பாடங்களை இப்போது ஒவ்வொன்றாக முடியுங்கள். அனுமதி கண்ணில் தென்படும்போது அறிவியல் பாடங்களில் இறங்குங்கள். ஆர்வக்கோளாறில் அனாட்டமியை முதலில் எடுத்து, ஆறு ஆண்டு காத்திருந்து, அதே எலும்புகளை மறுபடி மனப்பாடம் செய்வதில் என்ன இருக்கிறது? அனுமதி ஏற்கெனவே கையில் இருப்பவர்கள் வேதியியலில் தொடங்குங்கள். பிளஸ் டூ வேதியியல் நினைவிருக்கிறது என்று நினைப்பீர்கள், மோல் கணக்கு வந்ததும் தெரியும். வேதியியலுக்குப் பின் அனாட்டமி, அதன்பின் ஃபிசியாலஜி, கடைசியில் மைக்ரோபயாலஜி என்பதே எனக்குச் சரியாகத் தோன்றும் வரிசை. அயனி, பி.எச்., சவ்வூடு பரவல் எல்லாம் தெரியாமல் நெஃப்ரான் பாடத்தில் உட்கார்ந்தால் சிறுநீரகம் கடைசிவரை புரியாது.

ஒரு செமஸ்டருக்கு எத்தனை? லேபோடு கூடிய அறிவியல் பாடம் ஒன்று, கூடவே எழுத்துப் பாடம் ஒன்று. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அதற்கு மேல் வேண்டாம். "அனாட்டமியும் மைக்ரோவும் சேர்த்து எடுத்தால் ஆறு மாதம் மிச்சம்" என்ற கணக்குதான் பலரைக் கவிழ்த்தது. அனாட்டமி வகுப்பு நான்கு, ஐந்து யூனிட் என்று காகிதத்தில் இருக்கும். உண்மையில் அது வாரத்தில் ஆறு மணி நேர லேப், வீட்டில் அதைப்போல இரண்டு மடங்கு படிப்பு. 206 எலும்பு என்று பள்ளியில் படித்தோம். இங்கே அந்த 206-இல் ஒவ்வொன்றின் மேடும் பள்ளமும் துளையும் தனித்தனிப் பெயரோடு வரும். லேப் தேர்வில் மேசைக்கு மேசை நகர வேண்டும். மாதிரியிலோ சடலத்திலோ ஒரு குண்டூசி குத்தியிருக்கும், ஒரு நிமிடத்துக்குள் அது எந்தத் தசை, எந்த நரம்பு என்று எழுத வேண்டும். எழுத்துப் பிழைக்கும் மதிப்பெண் போகும். இதற்குத் திறந்த லேப் நேரங்களில் போய் மாதிரிகளைக் கையில் எடுத்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. புத்தகத்தில் படம் பார்த்துப் படித்தவர் குண்டூசி முன்னால் திகைத்து நிற்பார். மைக்ரோபயாலஜியில் கதை வேறு. அங்கே கைப்பழக்கம் வேண்டும். கிராம் சாயமேற்றுவதில் ஆல்கஹால் ஊற்றும் நேரம் சில விநாடி கூடினால் ஊதாவாகத் தெரிய வேண்டிய பாக்டீரியா சிவப்பாகத் தெரியும், குறைந்தால் சிவப்பாகத் தெரிய வேண்டியது ஊதாவாகத் தெரியும். செமஸ்டர் முடிவில் பெயர் தெரியாத ஒரு பாக்டீரியாவைக் கையில் கொடுத்து, அது எது என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. துப்பறியும் கதை மாதிரி இருக்கும்.

மதிப்பெண்ணில் ஒரு பொறி இருக்கிறது. கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் விதிப்படி 'சி' அல்லது அதற்கு மேல் வாங்கிய பாடத்தைப் பொதுவாக மறுபடி எடுக்க முடியாது. 'டி' வாங்கியவருக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு, 'சி' வாங்கியவருக்கு இல்லை. தேர்ச்சி என்ற கணக்கில் 'சி' போதும், போட்டி என்ற கணக்கில் அது ஏறத்தாழத் தோல்வி. மூன்று உயிரியல் பாடங்களின் சராசரியையும், அவற்றை எத்தனை முறை எடுத்தீர்கள் என்பதையும் கல்லூரிகள் பார்க்கும். ஆகவே முதல் இரண்டு வாரத்திலேயே கணியுங்கள். ஆசிரியர் பேச்சு புரிகிறதா, வீட்டுச் சூழல் ஒத்துழைக்கிறதா? இல்லையென்றால், டிரான்ஸ்கிரிப்டில் 'டபிள்யூ' என்ற விலகல் குறி விழாமல் விலகக் கல்லூரி நாட்காட்டியில் ஒரு தேதி போட்டிருப்பார்கள். அந்தத் தேதியை வகுப்பு தொடங்கும் முன்னரே குறித்து வையுங்கள். கோடை வகுப்பில் இதே பாடத்தை ஆறு, எட்டு வாரத்தில் அடைத்து நடத்துவார்கள். புள்ளியியலையோ உளவியலையோ கோடையில் எடுங்கள். பிள்ளைகளுக்கும் பள்ளி விடுமுறை என்பதை மறந்து கோடையில் ஃபிசியாலஜி எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

அதற்கு முன் வகுப்பில் இடம் கிடைக்க வேண்டுமே! புது மாணவர்களுக்குப் பதிவு கடைசியில்தான் திறக்கும். அதற்குள் அனாட்டமி நிரம்பியிருக்கும். காத்திருப்புப் பட்டியலில் பெயரைப் போட்டுவிட்டு முதல் நாள் வகுப்புக்கு நேரில் போங்கள். வராதவர்களின் இடத்தை ஆசிரியர் அங்கேயே சேர்க்கைக் குறியீடு கொடுத்து நிரப்புவார். வரிசையில் பின்னால் இருந்தும் நேரில் வந்தவர் உள்ளே போனதை நான் பார்த்திருக்கிறேன். ஆன்லைன் லேப் வசதிதான், ஆனால் சில நர்சிங் கல்லூரிகள் அதை ஏற்காது. நீங்கள் எழுதிய தாளைப் பார்த்து முடிவெடுங்கள்.

பல நர்சிங் கல்லூரிகள் சேர்க்கைக்குக் கேட்கும் டீஸ் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 170 கேள்விகள், 209 நிமிடம், வாசிப்பு, கணிதம், அறிவியல், ஆங்கிலம். கலிபோர்னியாவில் பல கம்யூனிட்டி காலேஜ்கள் கேட்கும் குறைந்தபட்சம் 62 சதவீதம். ஆனால் சேர்க்கைத் தரவரிசையில் புள்ளிகள் வேண்டுமென்றால் அதைவிட வெகுதூரம் மேலே போக வேண்டும். கணிதம் நம்மவர்களுக்குப் பிரச்சினை இல்லை, வாசிப்புப் பகுதியில்தான் நேரம் போதாமல் தவிப்போம். ஃபிசியாலஜி முடிந்த சூட்டோடு எழுதிவிடுங்கள். சில கல்லூரிகள் டீஸுக்குப் பதில் ஹெசி என்ற தேர்வைக் கேட்கும்.

பாடத்துக்கு வெளியே புள்ளி தரும் விஷயங்களும் இருக்கின்றன. கலிபோர்னியாவில் மதிப்பெண் தவிர வேறு அளவுகோல்களையும் பார்த்துச் சேர்க்கும் கல்லூரிகளுக்குச் சட்டமே ஒரு பட்டியல் தந்திருக்கிறது. அதில் ஆங்கிலம் அல்லாத மொழித் திறனுக்கும் இடம் உண்டு, இந்தியத் துணைக்கண்ட மொழிகளை அந்தச் சட்டம் குறிப்பிட்டே சொல்கிறது. தமிழ் தெரிவது ஒரு தகுதி. அதை எப்படி நிரூபிக்க வேண்டும் என்று கையேட்டில் பாருங்கள், விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். சுகாதாரப் பணி அனுபவத்துக்கும் பல இடங்களில் புள்ளி உண்டு. அதற்காக மட்டும் அல்ல, உங்களுக்காகவே நர்ஸ் உதவியாளர் பயிற்சி ஒன்றை முடித்துப் பாருங்கள் என்பேன். கலிபோர்னியாவில் அது 160 மணி நேரம், அதில் 100 மணி நேரம் நோயாளிகளிடம். முதியோர் இல்லத்தில் ஒருவரைப் புரட்டிப் படுக்க வைத்து, துடைத்து, உடை மாற்றி, திட்டு வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது, இந்த வேலை உங்களுக்கானதா என்பது தெரிந்துவிடும். வேண்டாம் என்று அங்கே முடிவெடுத்தால் நான்கு ஆண்டு மிச்சம். சம்பளத்துக்கு வேலை பார்க்க அனுமதி இல்லாதவர்கள் மருத்துவமனைத் தொண்டராகச் சேரலாம்.

சேர்க்கை கிடைத்தபின் வரும் மருத்துவக் காகிதங்களில் நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. நம்மில் பலருக்குக் கையில் பி.சி.ஜி. தழும்பு இருக்கும். தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் காசநோய்ச் சோதனையில் அந்தத் தடுப்பூசி காரணமாகவே வீங்கி 'பாசிட்டிவ்' என்று வரலாம். பிறகு எக்ஸ்ரே, மருத்துவர் கடிதம் என்று அலைச்சல். பி.சி.ஜி.யால் பாதிக்கப்படாத ரத்தச் சோதனை இருக்கிறது, அதை ஏற்பார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். தட்டம்மை, சின்னம்மை, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி அட்டை ஊரில் தொலைந்துபோயிருந்தால் ரத்தத்தில் எதிர்ப்பாற்றலை அளந்து காட்டலாம். ஹெபடைடிஸ் பி ஊசியை முதலிலிருந்து போட வேண்டி வந்தால் மூன்று தவணைக்கு ஆறு மாதம் ஆகும்.

"ப்ரீரெக்கே வேண்டாம், உடனே சேரலாம்" என்று விளம்பரம் செய்யும் இடங்களிடம் கவனம். 2023 ஜனவரியில் ஃப்ளோரிடாவில் மூன்று நர்சிங் பள்ளிகளின் பெயரில் 7,600-க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் விற்கப்பட்டதை மத்திய புலனாய்வுத் துறை வெளியே கொண்டுவந்தது. வாங்கியவர்களில் பலர் உரிமத்தையும் இழந்தார்கள். மாநில நர்சிங் போர்டின் ஒப்புதல், ஏ.சி.இ.என். அல்லது சி.சி.என்.இ. அங்கீகாரம், என்கிளெக்ஸ் தேர்ச்சி விகிதம் மூன்றையும் பார்க்காமல் யாருக்கும் முன்பணம் கட்டாதீர்கள்.

வீட்டில் இருக்கும் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. "இன்ஜினியரிங் படிச்சுட்டு நர்ஸ் வேலைக்கா?" என்று ஊரிலிருந்து போனில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள், உங்கள் மனைவி அல்ல. 2024 மே கணக்குப்படி அமெரிக்காவில் பதிவு பெற்ற நர்ஸின் இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 93,600 டாலர் என்று சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் வாய் மூடிவிடுவார்கள். மீதிப் பேரைப் பற்றிக் கவலை வேண்டாம். அதைவிட முக்கியம், லேப் இருக்கும் இரண்டு மாலைகள். அன்று சமையலும் பிள்ளைகளின் வீட்டுப்பாடமும் உங்களுடையது. "உதவி செய்கிறேன்" என்று சொல்லாமல், அந்த இரண்டு மாலைகளை நாட்காட்டியில் உங்கள் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரையில் 'பி' வாங்கியவருக்கும் 'ஏ' வாங்கியவருக்கும் இடையே அறிவில் பெரிய வித்தியாசம் இருந்ததில்லை. வீட்டில் அந்த மாலைகள் யாருடையவை என்பதில்தான் இருந்தது.

இந்த வாரம் செய்ய வேண்டியவை இரண்டே. ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு டிரான்ஸ்கிரிப்ட் விண்ணப்பத்தை அனுப்புங்கள். அங்கே யாராவது நேரில் போய் நினைவூட்டினாலொழிய மாதக்கணக்கில் கிடக்கும், அதனால் அண்ணனிடமோ தம்பியிடமோ இப்போதே சொல்லி வையுங்கள். அருகிலுள்ள கம்யூனிட்டி காலேஜில் கவுன்சலரைச் சந்திக்க நேரம் வாங்குங்கள். பொதுக் கவுன்சலர் வேண்டாம், நர்சிங் விண்ணப்பங்களைப் பார்ப்பவரையே கேளுங்கள். நாலு கல்லூரித் தாளையும் எடுத்துக்கொண்டு போங்கள். அவர் சொல்வதை மின்னஞ்சலில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அதுவரை எந்த வகுப்புக்கும் பணம் கட்டாதீர்கள்.

அன்புடன்,
கலிபோர்னியாவில் பணிபுரியும் ஒரு தமிழ் நர்ஸ்